தொட்டிக்குக் கீழே

1988 கோடை விடுமுறையில் புரசைவாக்கத்தில் மாமா வீட்டுக்குப் போனபோதுதான் முதன்முதலில் வீட்டுக்குள் கடலைப் பார்த்தேன். கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே பல்விளக்கியது போல வெள்ளைவெளேரென்று பவளக் கிளைகள். அவற்றுக்கு நடுவே நீலத்தில் நான்கு, மஞ்சளில் இரண்டு மீன்கள். மேலே ஒரு டியூப் லைட். தொட்டி நின்றது வெல்டிங் கடையில் அடித்து ரெட் ஆக்சைடு பூசிய இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டின் மேல். அந்த ஸ்டாண்டுக்குக் கீழே பழைய செய்தித்தாள் கட்டும் ஒரு வாளியும் கிடந்தன. வேறு ஒன்றும் இல்லை.

இன்று என் வீட்டுக் கூடத்திலும் ஒரு கடல்தொட்டி நிற்கிறது. வருகிறவர்கள் கண்ணாடியைத்தான் பார்க்கிறார்கள். நான் காலையில் எழுந்ததும் முதலில் திறப்பது கீழே இருக்கும் அலமாரிக் கதவை. அன்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டால் தொட்டியைவிட, தொட்டிக்குக் கீழே இருக்கும் இந்த இடம்தான் மாறியது என்பேன்.

மாமாவுக்குக் கடல் என்றால் கடற்கரைதான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, விடியற்காலையில் டிவிஎஸ் 50இல் இருபது லிட்டர் கேன் இரண்டைக் கட்டிக்கொண்டு திருவான்மியூர் போவார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அலை கலக்காத இடமாகப் பார்த்து மொள்ளுவார். வீட்டுக்கு வந்ததும் பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டுவார். அப்படி ஒரு நாள் நானும் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். திரும்பும்போது கேன் தளும்பித் தளும்பி முதுகெல்லாம் உப்புத் தண்ணீர். 1909இலேயே மெரினாவில் கடல்மீன் காட்சியகம் திறந்த ஊர் இது. வாசலில் கடல் இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்ற எண்ணம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

மீன்கள் ராமேசுவரம் பக்கத்திலிருந்து ரயிலில் வரும், பிளாஸ்டிக் பையில் காற்றடைத்து. கொண்டுவந்த அன்றே தொட்டிக்குள் விட்டுவிடுவார்கள். முதல் மூன்று நாள் துள்ளித் திரியும். ஐந்தாம் நாள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஏழாம் நாள் மிதக்கும். "கடல் நினைப்புல செத்துப்போச்சுடா" என்பார் மாமா. அத்தை ஒன்றும் சொல்லாமல் துளசிச் செடிக்கு அடியில் குழி தோண்டுவார். எத்தனை மீன் அங்கே போயிருக்கும் என்று எனக்குக் கணக்கில்லை.

அவை கடல் நினைப்பில் சாகவில்லை. தங்கள் கழிவிலேயே செத்தன. மீன் கழிப்பது அம்மோனியா. கடலில் அது கரைந்து காணாமல் போகும். நூற்றிச்சொச்சம் லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? அதைத் தின்று நைட்ரைட் ஆக்கும் நுண்ணுயிர் ஒன்று, நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட் ஆக்கும் நுண்ணுயிர் இன்னொன்று. இரண்டும் பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருக ஐந்தாறு வாரம் ஆகும். அதுவரை தொட்டி பார்வைக்குக் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தாலும் உள்ளே விஷம். எந்தத் தொட்டியும் அந்த ஐந்தாறு வாரத்தைக் காலியாகக் கடக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல அன்று ஆளில்லை.

இதில் என்னை இன்றும் வருத்துவது அந்த வெள்ளைப் பவளம். ராமேசுவரத்தில் சங்கு, சோழிக் கடைகளில் பவளக் கிளை பகிரங்கமாக விற்றது. வாங்கி வந்த கிளையில் பச்சைப் பாசி படிந்தால் மாமா அதை எடுத்து, பிளீச்சிங் பவுடர் கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்து, வெயிலில் காயவைத்து மறுபடி அடுக்குவார். மாதம் ஒருமுறை இந்தச் சடங்கு நடக்கும். அழுக்கு போகிறது என்று நினைத்தோம். போனது அந்த நுண்ணுயிர்கள்தாம். தொட்டியைச் சுத்தம் செய்ய வந்த கூலியாட்களை மாதந்தோறும் கொன்றுவிட்டு, தொட்டி ஏன் நாறுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

நம்மைப் போலவே கடலோரத்தில் இருந்த ஒருவர் இதை வெகு முன்பே கண்டுகொண்டிருந்தார். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங், கடலுக்குள்ளிருந்து பாறையை அதில் ஒட்டிய உயிர்களோடு அப்படியே எடுத்துவந்து தொட்டியில் வைத்தார். கழுவவில்லை, வெளுக்கவில்லை. நல்ல கடல்நீர், வெயில், மெல்லிய காற்றுக்குமிழி, அவ்வளவுதான். அந்தப் பாறையே நீரைச் சுத்தம் செய்தது. பவளம் உயிரோடு வளர்ந்தது. 1961இல் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழ் ஒன்றில் அவர் இதை எழுதியபோது பலர் நம்பவில்லை. கடலே இல்லாத பெர்லினில் 1980களில் அதே உயிர்ப்பாறையோடு கடும் வெளிச்சத்தையும் நுரை பிரிக்கும் கருவியையும் சேர்த்துக் கல்பவளத்தை வளர்த்தார்கள். டீட்ரிஷ் ஸ்டூபர் என்ற பெர்லின்காரர் தன் தொட்டியில் வளர்ந்த பவளத்தின் கிளைகளை ஒடித்து ஒடித்து மற்றவர்களுக்குக் கொடுத்தார். கறிவேப்பிலைக் கன்று பக்கத்து வீட்டுக்குப் போவது போல அது நாடு நாடாகப் போனது. கடலைத் தொடாமல் பவளம் பெருகும் என்று உலகம் அப்படித்தான் அறிந்தது.

நாங்களோ கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எலும்பை வாங்கி அடுக்கினோம். அடுக்கியது நாங்கள் மட்டுமல்ல. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிய பவளத்தைப் பல பத்தாண்டுகள் கடப்பாரையால் பெயர்த்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அனுப்பினார்கள். 21 தீவுகளில் இரண்டு கடலில் மூழ்கிவிட்டதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். 1986இல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001இல் கல்பவளம் முழுவதையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதாவது புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. கடைத்தெருவில் இருந்த பவளக் கிளைகள் அதற்குப் பிறகு மறையத் தொடங்கின. இன்னும் மறைவாக விற்பவர்கள் இருக்கிறார்கள். "உயிர்ப்பாறை இருக்கு சார், உள்ளே வாங்க" என்று கூப்பிட்ட கடையிலிருந்து நான் வெளியே வந்திருக்கிறேன். நீங்களும் வந்துவிடுங்கள். மன்னார் வளைகுடாவிலிருந்து பெயர்த்த ஒரு கல்லின் மேல் என்ன அழகு வளர்ந்தாலும் எனக்கு அது வேண்டாம்.

மாமாவின் தொட்டி 1991 மழைக்காலத்தில் முடிந்துபோனது. உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, ஸ்டாண்டின் பின்கால் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்துச் செதில் செதிலாகியிருந்தது. முன்பக்கம் மட்டும் பெயின்ட் பளபளத்தது. ஒரு நள்ளிரவில் கால் மடங்கியது. நூற்று முப்பது லிட்டர் கடல் கூடத்தில் ஓடி, மாடிப்படி வழியாகக் கீழ்வீட்டுக்காரர் அரிசி மூட்டை வரைக்கும் போனது. மாமா அதற்குப் பிறகு மீன் வளர்க்கவில்லை.

அதனால்தானோ என்னவோ, 2019இல் நான் தொட்டி வைக்க முடிவு செய்தபோது மீனைப் பற்றி யோசிக்கவே இல்லை. முதலில் போய்ப் பார்த்தது ஆசாரி அண்ணனை. வில்லிவாக்கத்தில் பட்டறை வைத்திருப்பவர், அறுபது வயதைக் கடந்தவர். நான்கடிக்கு இரண்டடி, உயரமும் இரண்டடி, அதற்கு ஒரு அலமாரி வேண்டும் என்றேன். காதில் செருகிய பென்சிலை எடுக்காமலே கேட்டார்: "தம்பி, உங்களுக்கு வேண்டியது பீரோவா, மேடையா?"

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. கணக்குப் போட்டுக் காட்டினேன். தண்ணீர் 450 லிட்டர். 12 மில்லிமீட்டர் கண்ணாடியே 90 கிலோ. பாறை, மணல், கீழே வைக்கும் இன்னொரு தொட்டித் தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் எழுநூறு கிலோவை நெருங்கும். எட்டுச் சதுர அடிக்குள் பத்துப் பேர் நெருக்கி நிற்பதற்குச் சமம். அவர்கள் நகரவும் மாட்டார்கள், உட்காரவும் மாட்டார்கள். பொறியாளர் ஒருவரிடம் கேட்டு, தரைக்கு அடியில் உத்திரம் ஓடும் சுவரோரமாக இடம் குறித்து வைத்திருந்தேன். ஆசாரி அண்ணன் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அப்ப மேடைதான். தூண் மேல உத்திரம் உட்காரணும் தம்பி. தூண்ல உத்திரம் தொங்கக்கூடாது."

கடல்தொட்டி அலமாரியின் சூத்திரம் முழுவதும் அந்தச் சொல்லில் இருக்கிறது. சாதாரண அலமாரியில் மேல்பலகை பக்கப்பலகைகளுக்கு நடுவே ஆணியிலும் ஸ்குருவிலும் தொங்கும். துணிமணிக்கு அது போதும். இங்கே மேல்பலகை பக்கப்பலகைகளின் தலைமேல் உட்கார வேண்டும். பக்கப்பலகை நேராகத் தரையில் இறங்க வேண்டும். பாரம் மரத்திலிருந்து மரத்துக்கு, மரத்திலிருந்து தரைக்குப் போகும். ஸ்குரு எதுவும் சுமக்காது, விலகாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். நான்கடி நீளத்துக்கு நடுவில் ஒரு தாங்கல் வைத்தார். பின்பக்கம் முழுப் பலகை போட்டு, குழாய்க்கும் காற்றுக்கும் மட்டும் ஓட்டை விட்டார். பின்பலகை இல்லாவிட்டால் அலமாரி பக்கவாட்டில் சாயும் என்றார்.

பலகை செவன்டென் பிளைதான் என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட். கொதிநீரில் 72 மணி நேரம் கிடந்தாலும் ஒட்டு விடக்கூடாது என்பது அதன் தரச்சோதனை. முத்திரையை நம்பாமல் ஒரு துண்டை வெட்டி, பட்டறை அடுப்பில் பகல் முழுக்கக் கொதிக்க வைத்துப் பார்த்தார். பிறகும் வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றிலும் எபாக்சி பூசினார். தண்ணீர் பலகையின் முகத்தால் நுழையாது, விளிம்பால்தான் நுழையும் என்பது அவர் அனுபவம். வெளியே மைக்கா ஒட்டினார். உள்ளே மூலைமூலையாகச் சிலிக்கான் இழுத்தார்; ஒரு லிட்டர் சிந்தினால் அலமாரிக்குள்ளேயே நிற்கும். கீல் மட்டும் என் தவறு. அழகாக இருக்கிறதென்று நான் வாங்கிக் கொடுத்த கீல் எட்டே மாதத்தில் உப்புப் பூத்துத் துருப்பிடித்துவிட்டது. கடல் தரத்து எவர்சில்வர் கீல் பிறகுதான் போட்டோம்.

ஒரு நாள் முழுக்க ரசமட்டத்தோடு போராடினோம். அலமாரி நாலு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் கண்ணால் பார்க்கும்போது தெரியாது. தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மூலையில் விளிம்புக்கு ஒரு விரற்கடை, மறு மூலையில் ஒன்றேகால். கண்ணாடியின் ஒரு மூட்டில் மட்டும் அழுத்தம் ஏறி, ஓர் ஆண்டு கழித்து அங்கே விடும்.

இனி அந்தக் கதவுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு அடியில் தண்ணீருக்குச் சம்ப் இருப்பது போலத் தொட்டிக்கும் ஒரு சம்ப். மேலே தொட்டியின் விளிம்பில் வழியும் நீர் குழாய் வழியாக இதற்குள் இறங்கும். முதல் அறையில் துணிப்பை குப்பையைப் பிடிக்கும். இரண்டாவதில் நுரைப் பிரிப்பான். கரைக்கு வந்து உடையும் அலை விட்டுப்போகும் நுரையைப் பார்த்திருப்பீர்கள். நீரில் கரைந்த புரதமும் எண்ணெய்ப் பிசுக்கும் குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே வருவதுதான் அது. அதையே இந்தக் கருவி ஓயாமல் செய்கிறது. அதன் கிண்ணத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை தேநீர் நிறத்தில் ஒரு திரவம் சேரும். முகர்ந்து பார்த்தால் மாமா வீட்டு மீன் எல்லாம் எதில் செத்தன என்று புரியும். கடைசி அறையில் மோட்டார். அது நீரை மேலே ஏற்றும். மின்சாரம் நின்றால் மேலிருந்து வழியும் நீர் முழுக்கச் சம்ப்புக்கு வந்து சேரும். அதற்கு இடம் விடாமல் சம்ப்பை நிரப்பி வைத்தவர்கள் கூடத்தைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

பிளக்குகளெல்லாம் தனி அறையில், நடுவே பலகைத் தடுப்பு. ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து ஏறும், வயர் வழியாக ஓடி வரும் நீர் அங்கேயே சொட்டிவிடுவதற்காக. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. தனியாகப் போட்டிருக்கிறேன். வீட்டில் குழந்தைகள் கையை விடும் தண்ணீர் இது.

கடல்நீர் இப்போது திருவான்மியூரிலிருந்து வருவதில்லை. ஆர்.ஓ. நீரில் உப்புக் கலவையைக் கரைக்கிறேன், லிட்டருக்கு 35 கிராம் கணக்கில். தூத்துக்குடியில் மலைமலையாக உப்பு கிடக்க, டப்பாவில் வரும் உப்பு எதற்கு என்று ஆசாரி அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. உப்பளத்தில் கடல்நீர் சுண்டச் சுண்ட, சுண்ணாம்புச்சத்து ஜிப்சமாக முதலிலேயே படிந்துவிடும். பிறகு விளைவதுதான் நாம் சாப்பிடும் உப்பு. மக்னீசியமெல்லாம் மிஞ்சும் கசப்புநீரோடு போய்விடும். உப்பளத்துக்காரர் வேண்டாமென்று விடும் அந்த இரண்டும்தான் பவளத்துக்கும் சிப்பிக்கும் உடம்பு வளரத் தேவை. என் தொட்டியில் லிட்டருக்குக் கால்சியம் 420, மக்னீசியம் 1300 மில்லிகிராம் என்ற அளவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். சோதனைக் குப்பியில் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் இடத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். ஆவியாகிக் குறையும் நீரை மாமா கடல்நீரால் நிரப்புவார். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஒவ்வொரு கேனுக்கும் தொட்டி உப்பேறிக்கொண்டே போனது அவருக்குத் தெரியாது. இன்று ஒரு சிறு மிதவை அதைப் பார்த்துக்கொள்கிறது. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் இறங்கும்.

கோடையில் மாமா பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டி மிதக்கவிடுவார். நான் சில்லர் வைத்திருக்கிறேன். மே மாதத்திலும் 26 பாகை. சில்லர் கக்கும் வெப்பக்காற்றை அலமாரிக்குள் அடைக்காமல் வெளியேற்ற ஆசாரி அண்ணன் பக்கப்பலகையில் ஒரு சாளரம் வெட்டினார், பழைய வீட்டுக் கதவுகளுக்கு மேலே இருக்குமே, அந்த வடிவில். எழுதிக்கொண்டிருக்கும்போதே நினைவுக்கு வருகிறது: 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் பவளம் பெருமளவில் வெளுத்தது. பவளத்தின் தசைக்குள் குடியிருந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசி, நீர் சூடானால் வெளியேறிவிடுகிறது. வெறும் வெள்ளை மிஞ்சுகிறது. மாமாவின் தொட்டியில் பார்த்த அதே வெள்ளை.

என் தொட்டியில் கல்பவளம் இல்லை. பாறையை நானே வார்த்தேன்: சிமென்ட், பொடித்த சிப்பி ஓடு, நடுநடுவே கல்லுப்பு. கல்லுப்பு கரைந்து போன இடமெல்லாம் துளை. சிமென்ட்டின் காரம் இறங்க இரண்டு மாதம் தண்ணீர் மாற்றி மாற்றி மொட்டைமாடியில் ஊறவைத்தேன். பிறகு ஆறு வாரம் மீனில்லாத தொட்டி. "மீன் எங்கப்பா?" என்று மகள் தினமும் கேட்டாள். இன்று அந்தப் பாறை ஊதாவும் பழுப்புமாக இருக்கிறது. சிநேகிதர் ஒருவர் தன் தொட்டியில் பெருகியதை வெட்டிக் கொடுத்த கடல்காளான்கள் அதில் தட்டுத் தட்டாக விரிந்திருக்கின்றன.

மீன் என்றால் இரண்டு நெமோ, ஒரு கோபி. 2003இல் ‘ஃபைண்டிங் நெமோ’ படம் வந்த பிறகு கோமாளி மீனுக்குக் கடைக்காரர்களே வேறு பெயர் சொல்வதில்லை. இரண்டும் பொரிப்பகத்தில் பிறந்தவை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழக உயராய்வு மையமும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையைச் செய்து காட்டியிருக்கின்றன. இது சிறிய விஷயமில்லை. உலகம் முழுக்க வீட்டுத் தொட்டிகளுக்கு வரும் கடல்மீன் வகைகளில் பெரும்பாலானவை இன்னும் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. பிலிப்பைன்ஸ் பக்கம் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் வழக்கம் 1960களில் தொடங்கியது இந்தச் சந்தைக்காகத்தான். மாமா ஆசையாக வாங்கிய வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல, உயிருள்ள பவளத்தையே கொறித்து வாழ்பவை. வெளுத்த பவளத்துக்கு நடுவே அவை பட்டினி கிடந்தன. விரும்பியதெல்லாம் வாங்கக் கூடாத பொழுதுபோக்கு இது.

இழந்ததும் உண்டு. மாமாவுக்குக் கடலின் நாள் கிழமை தெரியும். அமாவாசைக்கு நீர் கலங்கும், மழைக்குப் பிறகு ஒரு வாரம் மொள்ளக் கூடாது என்றெல்லாம் சொல்வார். நான் உப்பைக் கரைக்கத் தொடங்கிய பிறகு கடற்கரைக்குப் போனது எண்ணிச் சொல்லும் தடவைதான். மாமாவின் தொட்டியில் மின்சாரம் போனால் டியூப் லைட் அணையும், காற்று மோட்டார் நிற்கும், அவ்வளவுதான். என் தொட்டிக்கு மின்சாரம்தான் அலை, மின்சாரம்தான் மூச்சு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் முதல் இரவோடு ஓய்ந்தது. பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டார் ஒன்று மறுநாள் மதியம் வரை தாங்கியது. அதற்குப் பிறகு நானும் மனைவியும் மகளும் முறை வைத்துக்கொண்டு சொம்பில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றினோம், கால்மணிக்கு ஒருமுறை, மெழுகுவத்தி வெளிச்சத்தில். உயரத்திலிருந்து விழும் நீர் காற்றை இழுத்துக்கொண்டு போகும். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. வீட்டுக்குள்ளே நாங்கள் கடலுக்கு மூச்சு ஊதிக்கொண்டிருந்தோம். மூன்று மீனும் பிழைத்தன.

சென்ற தை மாதத்தில் பெரிய நெமோ பாறையோரத்தில் முட்டையிட்டது. கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே வளரும், இரண்டில் பெரியது பெண்ணாக மாறும். சிறியது, அதாவது தகப்பன், வால் வீசி வீசி முட்டைக்குக் காற்றோட்டம் கொடுத்துக்கொண்டு எட்டு நாள் அங்கேயே நின்றது. அந்தச் சமயத்தில் ஆசாரி அண்ணன் பக்கத்துத் தெருவுக்கு ஜன்னல் வேலைக்கு வந்தவர் வீட்டுக்கும் வந்தார். முட்டையைக் காட்டினேன். குனிந்து, கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்குப் பார்த்தார்.

"நல்லா இருக்கட்டும் தம்பி" என்றார். பிறகு தரையில் உட்கார்ந்து அலமாரிக் கதவைத் திறந்தார். கையை உள்ளே விட்டு, அடிப்பலகையின் விளிம்பை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போனார், எங்காவது ஊதியிருக்கிறதா என்று.